தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?



நம் பிள்ளைகள் பலர் இன்று குடும்ப வரலாறு எழுதக் கிளம்பியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அத்தை சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். வம்சாவளியை வரைந்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அங்கேதான் சிக்கல். ஒருவர் அனுப்பியதை நாற்பது பேர் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு தவறு இருந்தால் நாற்பது வீட்டிலும் அதே தவறு. பிறகு, "எல்லார் வீட்டிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது" என்று அதுவே சாட்சியாகிவிடுகிறது! நாற்பது வீட்டில் இருந்தாலும் அது ஒரே வாய் சொன்ன சொல்தான்.

"எங்கள் தாத்தா 1912-இல் ரஜூலா கப்பலில் வந்தார்." இந்த மாதிரிப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல்தான். நாகப்பட்டினம், பினாங்கு என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. ஆக, வருடம் தவறு, அல்லது கப்பல் தவறு. எது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. ரஜூலா அவ்வளவு பேர்போன கப்பல். அதற்கு முன்பு வேறு கப்பலில் வந்தவரின் கதையிலும் அந்தப் பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று, தமிழ் வருடம். பழைய நோட்டில் "தாது வருஷம் தை மாதம்" என்று எழுதியிருக்கும். தாது வருடப் பஞ்சம் தெரியும் அல்லவா? அந்தத் தாது 1876-இல் பிறந்தது. அறுபது ஆண்டு கழித்து 1936-இல் மறுபடியும் தாது. ஒரு சுற்று தப்பினால் தாத்தா பேரனாகிவிடுவார்! சுற்றைச் சரியாகப் பிடித்தாலும், சித்திரையில் தொடங்கும் வருடத்தில் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் வரும். 1936 இல்லை, 1937.

தவறு போலத் தெரிவதெல்லாம் தவறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரையே பாருங்கள். லேடாங் தனி மாவட்டமாக ஆகும் வரை தங்காக் மூவார் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்துக்குத் தங்காக் என்ற பெயர் அதற்கும் பிறகு வந்ததுதான். பழைய பத்திரத்தில் மூவார் என்று இருந்தால், "கிராணி தப்பாக எழுதிவிட்டார்" என்று நாம் தங்காக் என்று மாற்றுகிறோம். கிராணி சரியாகத்தான் எழுதினார். ஊரில் சேலம் ஜில்லா என்று தாத்தா சொன்னதும், இன்றைய வரைபடம் நாமக்கல் என்று காட்டுவதும் ஒன்றாகவே இருக்கலாம். நாமக்கல் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. நாகப்பட்டினம் என்று எழுதியிருந்தால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அது பிறந்த ஊரா, கப்பல் ஏறிய துறைமுகமா?

பெயர்க் குழப்பத்தைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. வேலாயியும் வெள்ளாயியும் ரோமன் எழுத்தில் ஒரே ஆளாகிவிடுவார்கள். உடன்பிறந்த இருவரின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இரண்டு விதமாக இருந்தால், சொத்து விவகாரம் வரும்போதுதான் அதன் வலி தெரியும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான், 1942-இல் அவர் அங்கேயே போய்விட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடைசிப் பிள்ளையின் பிறப்புப் பத்திரமோ 1944 ஜனவரி என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார். இன்னொருவர் மூடுவதில்லை. செத்துப்போன பாட்டியைப் பற்றிக் கல்யாண வீட்டில் ஒரு முணுமுணுப்பு. மானம் போகிறதே என்று ஒரு பேரன், வம்சாவளியில் அந்தப் பிள்ளை பிறந்த வருடத்தை 1942 என்று "திருத்தி" அனுப்பிவிடுகிறான்.

நடந்தது என்னவாக இருக்கும்? 1942 என்பது ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த வருடம். அந்த மூன்றரை ஆண்டுத் துன்பம் முழுவதையும் நம் பெரியவர்கள் அந்த ஒரு வருடத்தின் பெயரால் சொல்லிவிடுவார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பெருமளவில் சயாமுக்கு ஏற்றியது 1943-இல். பாதை இணைந்தது அந்த ஆண்டு அக்டோபரில். அதன் பிறகும் பராமரிப்பு வேலைக்கென்று ஆட்களை அங்கேயே வைத்திருந்தார்கள். தாத்தா 1943 மே மாதம் லயத்தை விட்டுப் போயிருந்தால், ஜனவரியில் பிள்ளை பிறந்ததில் என்ன அதிசயம்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பாட்டியிடம் ஒரு குறையும் இல்லை. குறை 1942 என்ற அந்த எண்ணில் இருந்தது. பேரன் திருத்தியதோ, இருந்ததிலேயே சரியான ஒரே காகிதத்தை.

அதனால்தான் சொல்கிறேன், எதையும் அழித்து எழுதாதீர்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். அதற்குப் பின்னும் எத்தனையோ நூல்கள். ஏட்டுக்கு ஏடு சொல் மாறியிருக்கும். தமக்குச் சரியென்று பட்டதை மேலே அச்சிட்டார். மற்ற ஏடுகளில் இருந்ததைப் பாடபேதம் என்று காட்டினார். நம் வீட்டுக்கும் அது போதும். "பெரியம்மா சொன்னது 1942. தம்பியின் பிறப்புப் பத்திரம் 1944. நாங்கள் 1943 என்று கருதுகிறோம், காரணம் இது." நாலு வரிதான். நாளைக்கு ஒரு புதிய காகிதம் கிடைத்தால், அடுத்து வருகிறவர் நம்மையும் திருத்தலாம். அதில் 2603 என்று வருடம் இருந்தால் திகைக்காதீர்கள். ஜப்பானியர் கணக்கில் அது 1943.

திருத்தியதை யாருக்கு அனுப்புவது? தவறு யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும், எதை மாற்றினோம் என்று சொல்லியே அனுப்ப வேண்டும். சத்தமில்லாமல் புதிய படத்தை மட்டும் அனுப்பினால் பழையதும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, 1944-இல் பிறந்த அந்தக் கடைசிப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். அவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். அந்த முணுமுணுப்பு அவர் காதிலும் விழுந்திருக்கும்.