“நீங்க மலையாளியா?”



சென்னைக்கு வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் முதல் வாரமே சந்திக்கிற கேள்வி இது. மெதுவாக என்பதற்குப் ‘பைய’ என்று சொல்லிவிட்டால் போதும், கேட்டுவிடுவார்கள். ஞானசம்பந்தர் தேவாரத்தில் இருக்கிற சொல் ஐயா அது! தேங்காய் எண்ணெயில் சமைக்கிறோம், உண்மைதான். அதற்காக மலையாளி ஆகிவிடுவோமா? இன்னொரு கூட்டம், பார்த்த உடனே “என்ன மக்கா” என்று இழுக்கும். சினிமா செய்த புண்ணியம். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம்ம ஆட்கள் செத்தார்கள். பிறகுதான் 1956 நவம்பர் 1-இல் இணைப்பு. சூடு நடந்தது எங்கே? மார்த்தாண்டம், புதுக்கடை. இரண்டும் அன்றைய விளவங்கோடு தாலுகா. “உன் தமிழில் மலையாள வாடை அடிக்குதுடே” என்று நாகர்கோவில்காரன் இன்றைக்கும் கிண்டல் பண்ணுவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான்!

சென்னைக்காரருக்குத் தெரியாது, சரி. நமக்குமா? தம்பிகளா, விடுதியில் அந்தக் கிண்டலை இந்த வருஷமே நிறுத்துங்க.