ஒடிஞ்ச காலும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த மாசம் நம்ம கூட்டமைப்பு அஞ்சு கிலோமீட்டர் நடைப்பயணம் வச்சிருக்கு. விபத்துல அடிபட்ட உறுப்பினர்களுக்கு உதவ ஒரு நிதி சேர்க்கத்தான் அந்த நடை. அடிபட்டுத் தேறி வந்தவங்க முன்வரிசையில நடக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கோம். "ஒடிஞ்ச காலை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?"ன்னு கேட்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இந்தப் பத்து நிமிசம் கொடுத்திருக்காங்க.

மாரியப்பன் தங்கவேலு பேரை எல்லாரும் கேட்டிருப்பீங்க. நம்ம பக்கத்துச் சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போற வழியில ஒரு பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போச்சு. அந்தப் பையன்தான் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அதுக்கப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். மூணு பாராலிம்பிக்கில் மூணு பதக்கம்.

நான் இன்னிக்கு அதிகமாப் பேச நினைக்கிறது அவரோட அம்மா சரோஜாவைப் பத்தி. வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். செங்கல் சுமந்தாங்க, காய்கறி வித்தாங்க. மகனோட வைத்தியத்துக்காக மூணு லட்சம் ரூபாய் கடன் வாங்கினாங்க. மகன் வளர்ந்து பெரியவனான பிறகும் அந்தக் கடன் அடையலை. கால் நசுங்கினது ஒரு நிமிசத்துல. கடன் கட்டினது வருசக்கணக்கா. அடிபட்டவங்க வீட்டுல ரெண்டாவது அடி கடன்தாங்க. அதை நம்ம குழுக்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?

தங்கம் வாங்கின பிறகு பரிசுப் பணம் வந்துச்சு. அதுல 30 லட்சம் ரூபாயைத் தான் படிச்ச அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார் மாரியப்பன். கஷ்டம்னா என்னன்னு தெரிஞ்ச கையிலிருந்து வந்த பணம் அது.

இப்ப என் கதையை ரெண்டு வார்த்தையில சொல்லிடறேன். நான் ஓவர்லாக் டைலர். ரெண்டு வருசத்துக்கு முந்தி வேலை முடிஞ்சு வர்றப்ப வண்டி மோதி வலது கால் ரெண்டு இடத்துல ஒடிஞ்சுது. உள்ளே கம்பி வச்சிருக்காங்க. டைலருக்குக் கையும் வேணும், பெடல் மிதிக்கக் காலும் வேணும். ஏழு மாசம் சம்பளம் இல்லை. நான் வேலை பார்த்த இடத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கலை. குழுவுல வாங்கின கடனுக்கு என் தவணையை மூணு மாசம் மத்தவங்க பங்கு போட்டுக் கட்டினாங்க. அதனாலதான் நான் மீட்டர் வட்டிக்காரங்ககிட்டப் போகலை.

டாக்டர் நடக்கச் சொன்னப்ப மொட்டைமாடியில அஞ்சு நிமிசம் நடந்தேன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் பத்து நிமிசம். அப்புறம் தெருமுக்கு வரைக்கும். இப்ப நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். அஞ்சுக்கு முதல் ஆளாப் பேர் கொடுத்திருக்கேனுங்க.

நடந்து காசு சேர்க்கிறது நாம கண்டுபிடிச்ச புதுசு இல்லை. கனடா நாட்டுல டெர்ரி ஃபாக்ஸ்னு ஒரு பையன். 18 வயசுல எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துட்டாங்க. செயற்கைக் கால் மாட்டி ஓடிப் பழகினார். 1979-ல் அவர் ஓடின முதல் பந்தயத்துல கடைசி ஆளாத்தான் வந்தார். அடுத்த வருசம் 1980 ஏப்ரல் 12-ந் தேதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க நாட்டோட ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடக் கிளம்பினார். அவர் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவினதால செப்டம்பர் 1-ந் தேதி நிறுத்த வேண்டியதாப் போச்சு. அடுத்த வருசம் ஜூன் மாசம் இறந்துட்டார், 22 வயசுல. ஆனா கேட்ட கணக்கு, ஆளுக்கு ஒரு டாலர், அவர் உயிரோட இருக்கும்போதே சேர்ந்திருச்சு. இன்னைக்கும் பல நாடுகள்ல அவர் பேருல வருசா வருசம் ஓடுறாங்க. அதுல ஜெயிச்சவங்க, தோத்தவங்கன்னு கிடையாது.

ஆளுக்கு ஒரு டாலர்ங்கிறது நம்ம சந்தா மாதிரிதான். சின்னத் தொகை, நிறையக் கை. நம்ம கணக்கையும் போட்டுப் பாருங்க. நடக்கிற ஒருத்தருக்கு 20 பேர், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தர்றதா ஒத்துக்கிட்டா, அஞ்சு கிலோமீட்டருக்கு 100 ரூபாய். நூறு பேர் நடந்தா 10,000 ரூபாய். வெளியில யாரையும் பெரிசாக் கேட்க வேண்டியதில்லை.

இந்த நிதியைக் கடனாக் கொடுக்கலாமா, உதவியாக் கொடுக்கலாமான்னு போன கூட்டத்துல பேச்சு வந்துச்சு. "திருப்பிக் கட்டினாத்தான் நிதி நிலைக்கும்"னு சில அக்காமார் சொன்னாங்க. நியாயமான பேச்சுதான். ஆனா படுத்துக் கிடக்கிறவங்களுக்குச் சம்பளம் ஏது? சம்பளம் இல்லாதவங்க மேல கடன் ஏத்தினா, சரோஜா அம்மா சுமந்த சுமையைத்தான் நாமளும் ஏத்துறோம். தொழிலுக்குக் கடன் கொடுக்க நம்மகிட்ட வேற நிதி இருக்கு. இது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வாடகை, பயிற்சிக்குப் போற செலவு, முதல் ரெண்டு வாரம் வீட்டுக்கு அரிசி பருப்பு. இதுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வச்சு, உதவியாவே கொடுக்கணும்ங்கிறது என் கோரிக்கை. கூட்டத்துல எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க.

நிதி வர்றதுக்கு முன்னாடி நமக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை விட்டுடக் கூடாது. நாலு விஷயம் மட்டும் குறிச்சுக்கங்க.

ஒண்ணு, பிரதமர் விபத்துக் காப்பீடு. வருசத்துக்கு 20 ரூபாய். பாங்கிக் கணக்கு இருக்கிற 18 வயசுலிருந்து 70 வயசு வரைக்கும் சேரலாம். விபத்துல இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் மாசம் புதுப்பிக்கிறப்ப கணக்குல பணம் இல்லேன்னா விட்டுப் போயிரும். மே மாசக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் பாஸ்புக்கைப் பார்க்கணும்.

ரெண்டு, ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியில இருந்தா, வேலையில அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில 90 சதவீதம் கிடைக்கும். நம்ம சம்பளத்துல பிடிக்கிறது 0.75 சதவீதம்தான். முதலாளி கட்டறது 3.25 சதவீதம்.

மூணு, வேலைக்குப் போற வழியிலயும் வர்ற வழியிலயும் நடக்கிற விபத்தும் வேலையோட சேர்ந்ததுன்னு காட்ட முடிஞ்சா அந்தக் கணக்குலயே வரும். அதனால உடனே தகவல் கொடுத்து, எழுத்துல பதிவு பண்ணிடுங்க.

நாலு, ரோட்டுல அடிபட்டா 108-ஐக் கூப்பிடுங்க. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரம் இலவசமாப் பார்ப்பாங்க.

இனி நடக்கப் போறவங்களுக்கு. ஆபரேஷன் ஆனவங்க, கம்பி வச்சவங்க டாக்டர்கிட்டக் கேட்காம பேர் கொடுக்காதீங்க. ஒரேயடியா அஞ்சு கிலோமீட்டர் வேண்டாம். தினமும் பத்து நிமிசத்துல ஆரம்பிச்சு வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. நடந்த அன்னிக்குச் சதை வலிச்சு மறுநாள் குறைஞ்சா சரி. எலும்புல குத்துற வலியோ வீக்கமோ வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை இருக்கிறதாப் போடுங்க. ரத்தசோகை இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துக்கங்க. நாள் பூரா உட்கார்ந்து தைக்கிற நமக்கு இடுப்பும் முட்டியும் இறுகிப் போயிருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி கை காலை நீட்டி மடக்குங்க. நடுவுல முடியலைன்னா உட்கார்ந்துக்கலாம். கூடவே ஆட்டோ வரும். ரெண்டு கிலோமீட்டர் நடந்தவங்களுக்கும் அந்த ரெண்டு கிலோமீட்டர் பணம் சேரும்.

இன்னொண்ணு. நடக்க முடியாதவங்க விலகி நிக்க வேண்டாம். மோர் கொடுக்க, கணக்கு எழுத, ரசீது போட ஆள் வேணும். சக்கர நாற்காலியில வர்ற ரெண்டு உறுப்பினர்கள் ஏற்கெனவே பேர் கொடுத்திருக்காங்க.

பேர் கொடுக்க விரும்பறவங்க இந்த வாரக் குழுக் கூட்டத்துல உங்க பிரதிநிதிகிட்டச் சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதி வாங்கிக்கங்க. நடக்கிற ஒவ்வொருத்தரும் உங்களுக்காக ரூபாய் தரப் போற 20 பேரோட பேரை ஒரு நோட்டுல இப்பவே எழுத ஆரம்பிங்க. என் நோட்டுல 13 பேர் ஆயிட்டாங்க. கூட்டம் முடிஞ்சதும் வாசல்லயே நிப்பேன். மீதி ஏழு பேர் நீங்கதானுங்க.