குருதியும் அதன் பணிகளும்

 

இவ்வெள்ளி விழாவில் அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நம் ஒவ்வொருவர் உடலிலும் இக்கணமும் ஓடிக்கொண்டிருக்கும் குருதியையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. அதில் நூற்றுக்கு 55 பங்கு பிளாஸ்மா என்னும் இளமஞ்சள் நீர்மம். செரித்த உணவின் சத்துக்களை உடலெங்கும் கொண்டு சேர்ப்பதும், கழிவுகளைச் சிறுநீரகத்திற்குச் சுமந்து செல்வதும் அதன் பணி. எஞ்சியவை அணுக்கள். அவை மூவகைப்படும். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 50 லட்சம். அவற்றிலுள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் பிராணவாயுவை ஏற்று உடலெங்கும் வழங்குகிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சிவப்பணு சுமார் 120 நாட்கள் உழைத்து மடிகிறது. வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளோடு போரிடுகின்றன. தட்டணுக்கள் காயத்தில் குருதியை உறையச் செய்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டில் இருமுறை மயங்கி விழுந்தாள். காத்துக் கருப்பு என்று அஞ்சிய பெற்றோர் அவள் படிப்பையே நிறுத்த முற்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. அவ்வயதுப் பெண்ணுக்கு 12 கிராமேனும் வேண்டும். பேய் அன்று, இரும்புச் சத்துக் குறைவே காரணம். மாத்திரையும், முருங்கைக் கீரையும், கேழ்வரகும், நெல்லிக்காயும் அவளைத் தேற்றின. அவள் பத்தாம் வகுப்பிலும் தேறினாள். அறியாமையால் ஒரு பெண்ணின் கல்வி பறிபோக இருந்ததை எண்ணிப் பாருங்கள்.

1901ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஏ, பி, ஏபி, ஓ என்னும் இவ்வகைகள் குலம் பார்த்து அமைவதில்லை. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியரின் குருதி வேறு வேறு வகையாக இருக்கலாம். ஒதுக்கப்பட்ட தெருவில் வாழ்பவரின் குருதியும் ஒதுக்கியவரின் குருதியும் ஒரே வகையாக இருக்கலாம். இவ்வுண்மை தெரிந்த பின்னரும், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1942 முதல் கறுப்பின மக்களின் குருதியைத் தனியே பிரித்து வைத்தது. பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறையில் வல்லுநராக விளங்கிய டாக்டர் சார்லஸ் ட்ரூ அவர்களே கறுப்பினத்தவர். இப்பிரிவினைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அவர் துணிந்து கூறினார். 1950இல் அச்சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! 18 வயதும், 45 கிலோ எடையும், 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உடைய நலமுள்ளவர் 350 மில்லிலிட்டர் குருதியைத் தயக்கமின்றி வழங்கலாம். ஒவ்வொருவரும் தம் குருதி வகையை அறிந்து சங்கப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். நம் பெண் குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் குருதிச் சோதனை நடத்துங்கள். இவ்விரண்டையும் இவ்வாண்டே தொடங்குமாறு சங்கத்தை வேண்டி அமைகிறேன்.