கேமராவுக்குத் தெரியாத ஒன்று

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று படம் எடுத்தே பிழைப்பவன் நான். நம் செயலாளர் என்னிடம், "பாதிப் பேர் கழுத்துல கேமரா தொங்குது. ஆனா எல்லாரும் ஆட்டோவுலேயே ஓட்டறாங்க. அந்த டயல்ல இருக்கிற எழுத்தெல்லாம் என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன். சாப்பாட்டு மணிக்கு முன் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸின் துளை எவ்வளவு பெரியது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஐ.எஸ்.ஓ. எண் என்ன. துளைக்கு ஒரு விசித்திரம் உண்டு. எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 4 விடுவதைப் போல இரு மடங்கு வெளிச்சத்தை எஃப் 2.8 விடும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் மங்கலான இடத்திலும் எடுக்கலாம். மிகவும் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எஃப் 2.8-ல் 1/250 விநாடி. எஃப் 4-ல் 1/125. எஃப் 8-ல் 1/30. மூன்றிலும் உள்ளே வரும் வெளிச்சம் ஒன்றே. ஆனால் படம் மூன்றும் வேறு வேறு. முதலாவதில் ஆடுகிற பெண்ணின் கை அசையாமல் நிற்கும், பின்னால் இருப்பவர்கள் மங்கிப் போவார்கள். மூன்றாவதில் பின் வரிசை தெளிவாக இருக்கும், ஆடுகிற கை இழுபட்டுப் போகும். வெளிச்சக் கணக்கைக் கேமரா நம்மைவிட வேகமாகப் போட்டுவிடும். நீங்க எந்தப் படத்துக்காக வந்தீங்க என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அந்த டயல்.

ஆட்டோவில் எல்லா முடிவும் கேமராவுடையது, பிளாஷ் உட்பட. கைடு எண் 12 உள்ள பிளாஷ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4-ல் 3 மீட்டர்தான் எட்டும். கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுத்தால், முன்னால் இருப்பவர் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும்!

'பி' என்றால் புரோகிராம். 1978-ல் வந்த கேனன் ஏ-1 என்ற பிலிம் கேமராவிலேயே இது இருந்தது. துளையையும் நேரத்தையும் கேமரா தேர்ந்தெடுக்கும்; பிளாஷ், ஐ.எஸ்.ஓ. இரண்டும் உங்கள் கையில். ஆட்டோவை விட்டு இறங்க நல்ல முதல் படி.

'ஏ'-யில் (கேனனில் ஏ.வி.) துளையை நீங்கள் வைக்கிறீர்கள், நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒருவர் முகம் மட்டும் போதுமென்றால் சிறிய எண்; மூன்று வரிசையும் வேண்டுமென்றால் எஃப் 8. ஆனால் நேரத்தின் மேல் ஒரு கண் வையுங்கள். மங்கலான ஹாலில் அது 1/8 விநாடிக்குப் போய்விடும். "நல்ல கேமராதான் சார், படம் ஏன் ஆடுது?" என்று கேட்பவர்களில் பலருடைய கதை இதுதான்.

'எஸ்' இதற்கு நேர்மாறு. கேனனில் டி.வி. என்று போட்டிருக்கும், தொலைக்காட்சி இல்லீங்க, டைம் வேல்யூ. நேரம் உங்களுடையது. கபடிக்கு 1/500-க்குக் குறையாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் துளை எண் மின்னி எச்சரிக்கும், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள்.

'எம்' எல்லாமே உங்களுடையது. கெட்டிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாறாத விளக்கொளியில் நூறு பேர் வரிசையாகச் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி, அடுத்தவர் கறுப்புக் கோட்டு. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் வேட்டிக்காரர் முகம் இருண்டுவிடும், கோட்டுக்காரர் முகம் வெளுத்துவிடும். 'எம்'மில் மூன்றையும் ஒருமுறை நிறுத்திவிட்டால் நூறு முகமும் ஒரே சீராக வரும். மற்ற மோடுகளில் இருந்தால் கூட்டல் கழித்தல் பொத்தானை நாடுங்கள்: வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி.

இதெல்லாம் எதற்கு? நம் துறை வராந்தாவில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களைப் போய்ப் பாருங்கள். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, துளையைச் சிறிதாக்கி, "யாரும் அசையாதீங்க" என்று அதட்டி எடுத்தவை. கடைசி வரிசையில் நிற்பவர் மீசை வரை தெரியும். அதில் சிலர் இன்று நம்மோடு இல்லை. நமக்கு மிஞ்சியிருப்பது அந்த முகம்தான். செல்போனின் போர்ட்ரெயிட் மோடில் அப்படி ஒரு குரூப்பை எடுத்தால், முன் வரிசையைத் தெளிவாக வைத்து, பின் வரிசைக்காரர்களைப் பின்னணி என்று நினைத்து மங்கடித்துவிடக்கூடும். நாங்களெல்லாம் கடைசி பெஞ்சுக்காரர்கள். எங்களுக்கு அது புதிதல்ல. ஆனாலும் படத்திலாவது எங்களை விட்டுவிடாதீர்கள்.

இன்று மதியம் குரூப் போட்டோ எடுக்கப்போகும் தம்பி தங்கைகளே, 'ஏ'-யில் வையுங்கள், எஃப் 8, நேரம் 1/125-க்குக் குறையாமல் ஐ.எஸ்.ஓ.வைச் சரிசெய்யுங்கள், நடு வரிசையில் ஃபோகஸ். கண் சிமிட்டுபவர்களுக்காக ஐந்தாறு படம் எடுங்கள். உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசிரியர்களின் முகம் அத்தனையும் தெளிவாக வரட்டும். இந்த வரிசை இப்படியே இன்னொரு முறை அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது.