நம் ஊர்க் குழாய்த் தொழிலாளி

(செங்கற்பட்டு மாவட்டக் கடலோர ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கழிப்பறை கட்டுவதன் அவசியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ரூ.12,000 ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. ஆயினும், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நடந்து செல்பவர் ஒன்றைக் காணக்கூடும். சில வீடுகளில் கழிப்பறை இருக்கிறது; ஆனால் அதனுள்ளே விறகும் பழைய வலையும் அடைந்து கிடக்கின்றன. கேட்டால், "அடைத்துக்கொண்டது, சரி செய்ய ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்கள். ஒரு நாள் வேலையில் தீரவேண்டிய பழுது, அவ்வீட்டுப் பெண்களை மீண்டும் இருட்டில் சவுக்குத்தோப்புக்கு அனுப்பிவிடுகிறது. ஆகையால், கழிப்பறையைக் கட்டவும் பழுது பார்க்கவும் நல்ல குழாய்த் தொழிலாளியை அமர்த்துவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பிளம்பர் என்று நாம் வழங்குவது அவரைத்தான்.

இத்துறையில் நமது வட்டாரத்துக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. 1950-களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சு, ஃபோர்டு அறநிறுவனத்தின் உதவியுடன், கிராமங்களுக்கு ஏற்ற மலிவான கழிப்பிடம் எது என்று ஆராய முற்பட்டது. வங்காளத்தில் சிங்கூர், டில்லிக்கருகில் நஜப்கர், தமிழகத்தில் பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களில் அவ்வாராய்ச்சி நடைபெற்றது. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பூந்தமல்லி, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாராய்ச்சியின் பயனாக வந்ததே ஆர்.சி.ஏ. கழிப்பிடம். பீங்கானுக்குக் கீழே வளைந்த குழாயில் ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்துக்கு நீர் எப்போதும் தேங்கி நிற்கும். அந்த நீரே நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும் கதவு. இவ்வளவு எளிய கருவிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அவ்வளைவைச் சாய்வாகப் பொருத்திவிட்டால் நீர் நிற்காது; கதவு திறந்துவிடும். அதைச் செம்மையாகப் பொருத்துவது தொழிலாளியின் கைத்திறன்.

என் வீட்டில் நேர்ந்ததையே கூறுகிறேன். வீடு கட்டியபோது இரண்டு உறிஞ்சு குழிகள் வேண்டுமென்று சொன்னேன். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட வெளியூர் ஆட்கள் குழி தோண்டி, உறை இறக்கி, மூடியும் போட்டுவிட்டார்கள். நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டு கார்த்திகை மழையில், பீங்கானில் ஊற்றிய நீர் இறங்காமல் நின்றது. வேலை செய்தவர்களைத் தேடினால் அவர்கள் இருக்குமிடம் தெரியவில்லை. எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓர் இளைஞரை அழைத்தேன். அவர் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் பயிற்சி பெற்றவர்.

"சேம்பர் எங்கே இருக்கிறது, ஐயா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. மண்ணைக் கிளறித் தேடினோம். சேம்பரிலிருந்து இரண்டு குழிகளுக்கும் வழி திறந்தே இருந்தது! ஒன்றை அடைத்து மற்றொன்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதை எவரும் செய்யவில்லை. இரண்டும் ஒருங்கே நிரம்பிவிட்டன.

அவசரத்தில் நான், "ஓர் ஆளை இறக்கி வாரச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து நின்று, "அது மட்டும் வேண்டாம், ஐயா. நானும் இறங்கமாட்டேன், இன்னொருவர் இறங்கவும் உடன்படமாட்டேன்" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன். பிறகு கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்து ஒரு குழியைக் காலி செய்தோம். நிரம்பிய குழிக்குப் போகும் வழியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அவர் அடைத்தார். அரை நாளில் வேலை முடிந்தது.

அவர் மறுத்ததன் காரணத்தை நாம் எல்லோரும் அறிதல் வேண்டும். மூடிய குழிகளிலும் செப்டிக் டேங்குகளிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலிய நச்சு வாயுக்கள் தேங்கி நிற்கும். அவ்வாயு மிகும்போது மூக்கு மரத்துப்போவதால் நாற்றமும் தெரியாது. இறங்கியவர் நொடியில் மயங்கி விழுவார். அவரைக் காக்க இறங்குபவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றச் செய்வதையும், பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியுள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. போன உயிருக்கு எத்தொகையும் ஈடாகாது.

இனி, ஆளை அமர்த்தும் முறைக்கு வருகிறேன்.

முதலாவதாக, நம் மண்ணை அறிந்தவரைத் தேடுங்கள். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்று மேலேறிவிடும். கோடையில் காய்ந்திருந்த குழி மழையில் நீர் நிறைந்து நிற்கும். கழிவு கிணற்று நீரோடு கலக்கும். ஆகவே இங்கே குழி ஆழமாக இருத்தல் கூடாது. ஆழம் குறைத்து, குழியின் மேல்மட்டத்தையும் பீங்கானின் மட்டத்தையும் உயர்த்தி, சுற்றிலும் மண் அணைக்க வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் 10 மீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். 15 மீட்டர் விட இயன்றால் இன்னும் நன்று. "மழைக்காலத்தில் இங்கு எத்தனை அடியில் தண்ணீர் தட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லக்கூடியவரே தகுந்தவர். உப்புக்காற்றில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், பி.வி.சி. குழாயையே அவரும் விரும்புவார்.

இரண்டாவதாக, அவர் முன்பு செய்த வேலையைப் போய்ப் பாருங்கள். மாமல்லபுரத்துச் சிற்பியிடம் சிலை செய்யச் சொல்வோர், அவர் செதுக்கிய வேறொரு சிலையைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறார்கள். மழைக்காலம் இரண்டைக் கண்ட கழிப்பறையே குழாய்த் தொழிலாளியின் நற்சான்று.

மூன்றாவதாக, பேச்சை எழுத்தில் வையுங்கள். பொருள் யார் வாங்குவது, குழியின் அகலமும் ஆழமும் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பன ஒரு தாளில் இருந்தால் மனக்கசப்பு வாராது. கூலியில் ஒரு சிறு பகுதியை நிறுத்திவைத்து, பதினைந்து நாள் புழங்கிய பின் கொடுப்பதாக முன்னரே பேசிக்கொள்ளலாம். ஆனால் சொன்ன நாளில் கொடுத்துவிட வேண்டும். நேரத்தில் கூலி பெற்றவரே, அடுத்த முறை அழைத்தவுடன் வருவார்.

நான்காவதாக, மூடி போடுமுன் நேரில் பாருங்கள். உறிஞ்சு குழியின் சுவரில் நீர் கசியத் துளைகள் உள்ளனவா? சேம்பரில் ஒரு வழி அடைபட்டிருக்கிறதா? ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் நீரில் பீங்கான் சுத்தமாகிறதா? ஊற்றிய பின் வளைவில் நீர் நிற்கிறதா? தண்ணீர்த் தொட்டி வைத்த கழிப்பறையானால், தொட்டியில் சிறிது சலவை நீலம் கலந்து விடுங்கள். திறக்காமலே பீங்கானில் நீலம் தெரிந்தால் ஒழுகல் உண்டென்று பொருள். இவை முடிந்தபின், குழியும் குழாயும் சேம்பரும் எங்குள்ளன என்று படம் வரைந்து வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.

நமது கடமையும் உண்டு. குளித்த நீரை உறிஞ்சு குழியில் விடலாகாது; துணி, பிளாஸ்டிக் முதலியவற்றைப் பீங்கானில் போடலாகாது; அமிலத்தையும் ஊற்றலாகாது. ஒரு குழி நிரம்பினால் வழியை மாற்றி, நிரம்பியதை இரண்டாண்டு மூடி வையுங்கள். மழைநீர் புகாதிருந்தால் அது மக்கி எருவாகும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி பெற்ற குழாய்த் தொழிலாளர்கள், கொத்தனார்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை, அவரவர் ஒப்புதலுடன், ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். மகளிர் குழுக்களிலிருந்தும் இருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் பழுது பார்க்க அவர்களே ஏற்றவர்கள்.

கடைசியாக ஒரு சொல். கழிப்பறை வேலை செய்கிறார் என்பதற்காக ஒருவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திக் காசு கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மருத்துவர் வருமுன்னரே நோயை வாசலில் தடுத்து நிறுத்துபவர் அவர். என் வீட்டுக் குழியில் ஓர் உயிர் போகாமல் காத்தவரும் அவரே. அன்று வேலை முடிந்ததும், அவரும் நானும் ஒரே திண்ணையில் அமர்ந்து மோர் அருந்தினோம். அத்தகைய திண்ணைகள் நமது ஊர்களில் பெருகட்டும் எனக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.