விற்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?



நம்மவர்கள் கணக்கு எழுதுவார்கள், ஃபார்முலா போடுவார்கள். பொருளைக் கையில் ஏந்தி ஒரு வாசற்படி ஏறச் சொன்னால் மட்டும் கூசுவார்கள்.

அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்று ஒருவர். என்னைப் போலவே விஞ்ஞானப் பட்டதாரி, அரசாங்க ஊழியர். குஜராத் அரசின் சுரங்கத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை. 1969-ல் வீட்டுப் புழக்கடையில் சலவைத் தூள் கலக்கத் தொடங்கினார். கெமிஸ்ட்ரி படித்த எவரும் அந்த அளவுக்குச் செய்திருக்கலாம். அடுத்த காரியம்தான் விசேஷம். பொட்டலங்களை சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கிலோ சுமார் 3 ரூபாய். பெரிய கம்பெனித் தூளோ மூன்று, நான்கு மடங்கு விலை. மகள் நிருபமாவின் பெயரிலிருந்து வந்த அந்த 'நிர்மா'வைச் சமாளிக்க, பிற்பாடு ஹிந்துஸ்தான் லீவரே 'வீல்' தூளை இறக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கார அம்மாள் எதற்கு முகம் சுளிக்கிறார், எந்த விலைக்குப் பர்ஸைத் திறக்கிறார் என்பது வாசலில் நிற்பவருக்குத்தான் தெரியும். 'வேண்டாம்' என்று கேட்டபின் மறுநாளும் அதே தெருவுக்குப் போகும் தெம்பு ஆபீஸிலும் வேண்டும். அழகாக நோட் எழுதிவிட்டு, மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லத் தயங்கியதால் ஃபைலோடு உறங்கிப்போன நல்ல யோசனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். (வாய்ச்சவடாலைச் சொல்லவில்லை, அது வேறு.)

நம் அங்கத்தினர்களில் ஊறுகாய், பட்சணம், சாஃப்ட்வேர் என்று தொழில் தொடங்கியவர்கள் உண்டு. விலை கேட்டால், "உங்களுக்குத் தோணினதைக் கொடுங்கோ" என்கிறார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கொடுப்போம். பொருளைக் காட்டி, விலையை வாய்விட்டுச் சொல்லட்டும். பெரியவர்கள் தாராளமாகப் பேரம் பேசலாம்.