எப்போது மாறுகிறது அந்தச் சத்தம்?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காராக் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் பக்கம் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜண்டா பாய்க் காட்டுப் பாதைகளில் ஏறி இறங்கிவிட்டு, கதவுப்பிடி வரை சேறு அப்பிக்கொண்டு ஃபோர் பை ஃபோர் வண்டிகள் திரும்பிக்கொண்டிருக்கும். காட்டுக்குள் இருந்தவரை வண்டியின் சத்தம் யார் காதிலும் ஏறியிருக்காது. தார்ச்சாலைக்கு வந்து வேகம் பிடித்த பிறகுதான் காலடியில் எங்கோ ஓர் உறுமல் கேட்கும். மறுநாள் கிள்ளானில் ஒரு பட்டறை வாசல். "அண்ணே, கீழ ஏதோ கடகடன்னு கேக்குது, என்னன்னு பாருங்க." ஃபோர்மன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பேரிங்காக இருக்கும் என்பார். பேரிங்கை மாற்றுவார்கள். சத்தம் போகாது. அடுத்தது டிஃபரன்ஷியல் என்பார். ரிங்கிட் கரைந்துகொண்டே இருக்கும்.

குறை ஃபோர்மன் மேல் மட்டும் இல்லை. சத்தம் இரும்பில் ஓடக்கூடியது. பின் அச்சில் கிளம்பும் முனகல் சேஸிஸ் வழியாக வந்து ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கேட்கும். அதனால், எங்கே கேட்கிறது என்ற கேள்வி அவ்வளவாக உதவாது. எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது? இதற்குப் பதிலோடு பட்டறைக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் வண்டியைக் கழுவுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரிம்முக்குள் ஒரு பக்கமாகக் காய்ந்துபோன சேறு போதும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை உதற வைக்க. பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே மாட்டிய ஒரு பொடிக்கல், பேரிங்கே நொறுங்கிவிட்டது போலக் கிறீச்சிடும். கையோடு சக்கர நட்டுகளையும் இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அடுத்து டயர். சேற்றுக்கான பெரிய பூ வைத்த டயர் தார்ச்சாலையில் ஊளையிடத்தான் செய்யும். கூட்டரசு நெடுஞ்சாலையில் பழைய தார் முடிந்து புதிய தார் தொடங்கும் இடத்தில் சத்தத்தின் தொனி மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் டயர்தான். பற்சக்கரத்துக்குத் தார் பழையதா புதியதா என்று தெரியாது.

இனி வண்டியை ஓட்டாமலே செய்யும் சோதனை. என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இரைச்சல் கேட்கிறதா? கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் முன் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் பிறந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதற்குக் காசும் இல்லை, ஜாக்கும் வேண்டாம்.

சாலையில் போகும்போது ஆக்சிலரேட்டரை வைத்துச் சோதிக்க வேண்டும். மிதிக்கும்போது ஊளை, காலை எடுத்தால் அமைதி என்றால், டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் உரசும் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். காலை எடுத்தால்தான் ஊளை என்றால் பற்களின் மறுமுகமோ பினியன் பேரிங்கோ. மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே உறுமல், ஆனால் ஸ்டீயரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது என்றால், பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் ஏறுகிறது. வலப்பக்க பேரிங்கைப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த நேயர்களுக்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றாது. ரயில் பெட்டிச் சக்கரங்களை நீளப்பிடிச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை அந்தக் கால ரயில்வேக்களில் இருந்தது. நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மங்கிப்போய் ஒலிக்கும். காது கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சக்கரத்தைத்தான் தட்ட வேண்டும். நம் வண்டியிலும் அதே கதைதான். முன் சக்கரங்களில் கையால் திருகும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால், அதைத் திறந்து விட்டு ஓட்டிப் பாருங்கள். முன் டிஃபரன்ஷியலும் முன் ஷாஃப்ட்டும் சுற்றாமல் நின்றுவிடும். சத்தமும் நின்றால், வண்டியின் பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு ஒரு சாக்குக்கட்டி போதும். டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், ஆள் நடக்கிற அளவுக்கு உருட்டுங்கள். ஒருவர் கூடவே நடந்து, கோடு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை 'டக்' கேட்கிறது என்று எண்ணட்டும். 31 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். அந்த வேகத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்றுக் கூடுதல். டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு முறைக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் சக்கரம், ஹப், பிரேக், அல்லது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கிரவுன் வீல். நான்கு என்றால் ஷாஃப்ட்டோ பினியனோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த நான்கும் விநாடிக்கு 28 ஆகி வெறும் அதிர்வாகிவிடும். அப்போது எந்தக் காதாலும் எண்ண முடியாது.

இப்போது மாற்றம் செய்த வண்டிக்கு வருவோம். 1997-ல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயத்தை ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் வேண்டுமென்றே வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வண்டியை உயர்த்தியவர்கள் நம்மிடையே உண்டு. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி வாங்குவது தனிக்கதை. இன்னொரு நாள் பேசலாம். உயர்த்தினால் ஷாஃப்ட்டுக்கு என்ன ஆகிறது? ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யு ஜாயின்ட் இருக்கிறது. சாய்ந்த கோணத்தில் சுற்றும் யு ஜாயின்ட்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். ஒரு முனையில் எழும் இந்தத் தடுமாற்றத்தை மறுமுனை சரிக்கட்டிவிடும், இரு கோணமும் சமமாக இருந்தால். உயர்த்தும்போது அச்சு சற்றே உருண்டுவிட்டால் அந்தச் சமம் போய்விடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க 'ம்ம்ம்' என்று அதிரும். அதைத் தாண்டினால் குறையும். புது ஷாஃப்ட் வாங்கிப் போட்டாலும் இது தீராது.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். முன் அச்சில்தான் சங்கடம். ஜிம்னி போன்ற வண்டிகளில் ஸ்டீயரிங் நேராக நிற்பதற்கான சாய்வும் பினியனின் கோணமும் ஒரே இரும்பு உடலில் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப்களில் பாரம் முன் டிரைவ் ஷாஃப்ட் மேல் விழும். அதன் ரப்பர் உறை கோணம் தாங்காமல் கிழியும், சேறு உள்ளே போகும், திருப்பத்தில் கிளிக் கிளிக் என்று கேட்கும்.

கிள்ளான் வட்டாரத்தில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைகளுக்குக் குறைவில்லை. ஜப்பானில் ஓடிய வண்டியின் பின் அச்சு அங்கே மலிவாகக் கிடைக்கும். பார்க்க அச்சு அசல் உங்களுடையது போலவே இருக்கும், விகிதம் மட்டும் 4.3-ஆக இருக்கலாம். முன்னால் 4.1, பின்னால் 4.3. இரு சக்கர ஓட்டத்தில் எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். 'டமார்' என்று அடித்துவிட்டு முறுக்கு அவிழும். கியரை எடுக்கவும் வராது. வாங்குமுன் பினியனைச் சுழற்றி விகிதத்தை எண்ணிப் பார்ப்பதற்குக் கடைக்காரர் கோபித்துக்கொண்டால், வேறு கடைக்குப் போங்கள்.

ஆனால் காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால், விகிதம் சரியாக இருக்கும் வண்டியும் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். டிஃபரன்ஷியலில் தானியங்கி லாக்கர் போட்ட வண்டி திருப்பத்தில் டக் டக்கென்று சொடுக்குவதும் இயல்பு. இதற்கெல்லாம் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

சந்தேகம் டிஃபரன்ஷியல் மேல் விழுந்தால், பிரிப்பதற்கு முன் எண்ணெயை இறக்கிப் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் ஆற்றுத் தண்ணீரில் திடீரென்று முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்படியான எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வரும். டிஃபரன்ஷியலின் காற்றுக்குழாயான பிரீத்தரை மேலே நீட்டிவிடாத வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். காந்த முனை உள்ள போல்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாகத் துண்டு விரலைக் குத்தினால் பல் உடைந்துகொண்டிருக்கிறது; அன்றே நிறுத்துங்கள்.

யு ஜாயின்ட்டையும் அப்படியே கண்ணால் பார்க்கலாம். நான்கு மூடிகளில் ஏதாவது ஒன்றைச் சுற்றி செம்புழுதி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி உருளைகள் துருப்பொடியாகிக்கொண்டிருக்கின்றன. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல் வரும் கீச்சொலி இதுதான். அது கியர் மாற்றும்போது 'டங்' என்று அடிக்கத் தொடங்கிவிட்டால் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். முன்முனை கழன்று தரையில் குத்தினால் ஷாஃப்ட் வண்டியையே தூக்கி எறியும்.

காட்டில் இருக்கும்போதே தெரிந்தால், பின் ஷாஃப்ட்டைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டு, ஃபோர் வீல் போட்டு முன் சக்கரங்களின் இழுப்பிலேயே மெதுவாக வந்து சேரலாம். விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நழுவி நுழையும் வகை ஷாஃப்ட் என்றால் மட்டும் எண்ணெய் வெளியே கொட்டும், அதற்கு இது ஆகாது. இன்னொன்று. கேமரன் மலையில் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. பழைய சுசூகி ஜீப்புகள் சிலவற்றிலும் அப்படித்தான். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் அந்த பிரேக்குக்கும் பின் சக்கரங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அடியில் படுப்பதற்கு முன் நான்கு சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.